நாலு மாசம் போதும்

சுவர் கொப்பளித்துப் பார்த்திருக்கிறீர்களா? போன மழையில் நான் பார்த்தேன் — காட்டுப்பாக்கத்தில், என் தங்கை மாலதியின் ஃபிளாட்டில்.

ஹால் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கொப்புளம். பெயின்ட் கிழியவில்லை, பலூன் மாதிரி உப்பியிருந்தது. தாலிச் சரட்டில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றி மாலதி அதைக் குத்தினாள். பழுப்புத் தண்ணீர் வழிந்து சோபாவுக்குப் பின்னால் இறங்கியது. பக்கத்து அறையில் அவள் மகள், மூச்சுத் திணறலுக்கு மருந்துப் புகை இழுக்கும் நெபுலைசர் மாஸ்க்கோடு.

“இந்தப் பெயின்ட்ல கலக்கற பாலைத்தாண்ணா நான் தினமும் டெஸ்ட் பண்றேன்” என்றாள் மாலதி.

அம்பத்தூர் எஸ்டேட்டில், லேடெக்ஸ் தயாரிக்கும் கம்பெனியில் அவளுக்கு லேப் வேலை. லேடெக்ஸ் பார்க்கப் பால்தான். உள்ளே கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் துளிகள் தண்ணீரில் மிதக்கின்றன. எமல்ஷன் பெயின்ட், மொட்டை மாடி கோட்டிங், டைல்ஸ் ஒட்டும் கலவை... எல்லாவற்றிலும் இது உண்டு. சுவரில் பூசினால் தண்ணீர் காய்ந்துபோகும். துளிகள் ஒட்டிக்கொண்டு தோலாகும். இழுத்தால் நீளும் தோல். அருமையான சரக்கு — காய்ந்த சுவராக இருந்தால்!

இந்தச் சுவரோ காயவே இல்லை. வெளிப்பக்கம் விரிசல். பில்டர் அதை அடைக்காமல், உள்ளே பளபளவென்று பூசி விற்றுவிட்டார். சாரம் கட்டிச் சரிசெய்ய அசோசியேஷன் கூட்டம் போட்டது. மறுபடியும் போட்டது. பஜ்ஜி தீர்ந்தது, விரிசல் தீரவில்லை.

“வித்துட்டுப் போயிடலாம்” என்றார் மாலதியின் கணவர் சேகர். ஐ.டி. வேலை; அதிர்ந்து பேசாதவர்.

மழை நின்றதும் பெயின்டர் வந்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார்.

“உள்ள ஃபுல்லா தண்ணி கீது அண்ணாத்தே. வெளிய அடைச்சாதான் சரியாவும். இப்டியே மேல கோட்டிங் அட்ச்சா நாலு மாசம் தாங்கும். அப்பால புட்டுக்கும்.”

“நாலு மாசம் போதும்” என்றார் சேகர்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. “மாப்ளே, நம்மளை ஏமாத்தின மாதிரியே நாமளும் ஏமாத்தறதா?”

“நாங்க ஏமாந்தப்போ யார் வந்து சொன்னாங்க மச்சான்?”



பூசி முடித்தார்கள். ஆவடியிலிருந்து ஓர் இளம் தம்பதி பார்க்க வந்தது. அந்தப் பெண் நிறைமாதம். சுவரைத் தடவி, “எவ்ளோ நைஸா இருக்கு!” என்றாள்.

மாலதியால் தாங்க முடியவில்லை. “உள்ள ஈரம்மா. மழை வந்தா உப்பிடும். எங்க பாப்பாவுக்கு வீசிங் வந்ததே இந்த வீட்லதான்.”

நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள்.

கதவைச் சாத்திவிட்டு சேகர் கேட்டார்: “நீ நல்லவளா இருக்கறதுக்காக பாப்பா இன்னொரு மழைக்கு மூச்சுத் திணறணுமா?”

இதையெல்லாம் மாலதி அப்புறம் என்னிடம் சொன்னாள். கணவர் மீது கோபப்படக்கூட முடியவில்லையாம். அவர் கேட்டதும் நியாயம்தானே?

அடுத்து வந்தவர்களுக்கு, அவள் ஷிஃப்டுக்குப் போன நேரமாகப் பார்த்து, சேகரே வீட்டைக் காட்டினார். பேசி முடித்தார். பத்திரத்தில் அவள் கையெழுத்தும் வேண்டும். போட்டாள். ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் நின்று அழுதாள்.

இப்போது திருநின்றவூரில் வாடகை வீடு. வெள்ளையடித்த பழைய சுவர், சுக்கு மாதிரி காய்ந்திருக்கிறது. மாஸ்க் இல்லாமல் குழந்தை தூங்குகிறாள். கொடுமையே அதுதான் — செய்த தப்புக்குப் பலன் நல்லதாகக் கிடைத்துவிட்டது!

முதலில் ஏமாற்றியவர் எங்கோ அடுத்த பிளாக் கட்டிக்கொண்டிருக்கிறார். ஏமாந்தவர்கள் நாம்தான், வரிசையில் நின்று ஒருவரையொருவர் ஏமாற்றிக்கொள்கிறோம்.

வாங்கியவர்கள் போன வாரம் கிருகப்பிரவேசத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். மாலதி போகவில்லை. சேகர் போய்வந்தார்.

சாப்பாடு பிரமாதமாம்.