மகன் கொடுத்த ஐபோன்

அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற மூன்றாம் வருஷம், பெங்களூரிலிருந்து பொங்கலுக்கு வந்த மகன் தன் பழைய ஐபோனை என் கையில் வைத்தான்.

"இனிமே நம்ம வீட்ல எல்லாருக்கும் ஒரே மாதிரி போன்மா. உன் டப்பாவைக் குடு."

என் ஆண்ட்ராய்டில் இருந்ததையெல்லாம் அவனே இதற்கு மாற்றினான். பழையதில் இருந்ததை அழித்துத் தன் பையில் போட்டுக்கொண்டான்.

பத்து நாள் தடுமாறினேன். பின்னால் போக எங்கே தொடுவது என்று தெரியாது. தமிழ் எழுத்தைத் தேடித் தேடி விரல் வலித்தது. பிறகு பழகிவிட்டது. பொய் சொல்லக் கூடாது, நல்ல போன்தான். படம் அம்புட்டுத் தெளிவு.

வியாழக்கிழமைதோறும் பேகம்பூருக்குப் போவேன். இருபது வருஷம் என்னோடு ஒரே வார்டில் வேலை பார்த்தவள் அங்கே இருக்கிறாள். பக்கவாதத்தில் பேச்சும் வலது கையும் போய்விட்டன. அவள் விரல்களை ஒவ்வொன்றாக நீட்டி மடக்கிப் பயிற்சி கொடுப்பேன். அவள் மகள் சோறு போடுவாள், சாப்பிட்டு வருவேன். மகனிடம் இதை நான் மறைக்கவில்லை. அவன் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

ஒரு வியாழன் அவள் வீட்டு வாசலில் செருப்பு மாட்டும்போது மகன் கூப்பிட்டான்.

"ஏம்மா, வாராவாரம் பேகம்பூர்ல மூணு மணி நேரம் என்ன பண்ற?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"போன்லதான் காட்டுதே." சிரித்தான். மருமகள் போனிலும் காட்டுமாம். நான் விஷயத்தைச் சொன்னதும் அவன் சிரிப்பு நின்றது. "பாய் வீட்ல சாப்பிட வேற செய்றியா? உன் மருமக வீட்ல கேட்டா நான் என்னம்மா சொல்றது?"

அடுத்த இரண்டு வியாழனும் நான் போகவில்லை. அதுதான் இன்னும் எனக்கு ஆறவில்லை. எத்தனையோ டாக்டர்களை எதிர்த்துப் பேசியவள், பெற்ற பிள்ளைக்குப் பயந்து வீட்டில் உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாம் வாரம் போனபோது தோழியின் விரல்கள் உள்ளங்கைக்குள் இறுகிக் கிடந்தன.

"நான் தொட்டா கையப் பிடுங்கிக்கிறாங்க சிஸ்டர்," என்றாள் மகள்.

தோழி சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்குக் காய்ச்சல் என்று பொய் சொன்னேன்.

திரும்பும் வழியில் பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு போன் கடையில் ஏறினேன். அங்கிருந்த பெண் இருக்குமிடம் காட்டுவதை நிறுத்திக் கொடுத்தாள். வீடு வந்து சேருமுன் மகன் கூப்பிட்டுவிட்டான்.

"ஏன் ஆஃப் பண்ணுன? நீ தனியா இருக்க. விழுந்து கிடந்தா யாருக்குத் தெரியும்?"

"அதை வைக்கும்போதே எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல அப்பு?"

"சொன்னா நீ வேணாம்பே."

"ஆமா, வேணாம்தான் சொல்லியிருப்பேன்."

பிறகு சொன்னான்: "அது என் போன்மா. என் அக்கவுண்ட்லதான் ஓடுது."

மறுநாள் காலை அதே கடைக்குப் போய்ச் சாதாரண ஆண்ட்ராய்டு ஒன்று கேட்டேன். கேமரா முக்கியமா, மெமரி முக்கியமா என்று அந்தப் பெண் கேட்டாள். "என் பேர்ல இருக்கணும்," என்றேன். "பில்லு உங்க பேர்லதான் மேடம் போடுவோம்," என்றாள். அவளுக்கு விளக்க எனக்குத் தெம்பில்லை.

இந்தப் போன் சீக்கிரம் சூடாகிறது. படம் மங்கல். எனக்கு எது தோது என்று கேட்டால், இதைத்தான் சொல்வேன், சந்தோஷமாக அல்ல.

ஐபோனைக் கூரியரில் அனுப்பினேன். "வந்துச்சு" என்று ஒரு வார்த்தை பதில் போட்டான். தீபாவளிக்கு லீவு இல்லையாம். பேத்தியின் படங்கள் அந்தப் போனில் தினமும் தானாக வந்து விழும். இப்போது கேட்டால்தான் அனுப்புகிறான். நான் கேட்பதில்லை.