வைத்திலிங்கம் ஏன் வரவில்லை

என் மகள் இந்த ஜூனில்தான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தாள். முதல் நாள் டீச்சர் பெயரைக் கேட்டதும் இனிஷியலோடு சொன்னதோடு நிற்காமல், கேட்காமலே ஸ்பெல்லிங்கையும் சொல்லிவிட்டு வந்தாளாம். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. ஏனென்றால் நான் ஒன்றாம் வகுப்புக்குப் போன புதிதில் எனக்கு என் பெயரே தெரியாது.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை, பிள்ளைகளே. எனக்கு வைத்த பெயர் வைத்திலிங்கம். அப்பாவைப் பெற்ற தாத்தாவின் பெயர் அது. எங்கள் பக்கத்தில் மூத்த பேரனுக்குத் தாத்தா பெயரை வைப்பது வழக்கம். வைத்தார்களே தவிர, அந்தப் பெயரால் என்னை ஒருவரும் கூப்பிட்டதில்லை. வீட்டிலும் தெருவிலும் மளிகைக் கடையிலும் நான் ஐயாக்கண்ணுதான். வைத்திலிங்கம் என்றால் அது தாத்தா. வாசலில் யாராவது நின்று "வைத்திலிங்கம் இருக்காரா?" என்று கேட்டால் "வயலுக்குப் போயிருக்காங்க" என்று சொல்ல வேண்டும். எனக்குப் பேச்சு வந்த காலத்திலேயே கற்றுக்கொடுத்த பதில் அது.

அப்பா அப்போது மஸ்கட்டில் வேலை பார்த்தார். லீவில் வந்திருந்த சித்தப்பாதான் பள்ளிக்கூடத்தில் என் பெயரைக் கொடுத்துவிட்டுத் திருப்பூருக்குப் பஸ் ஏறினார். நான் காய்ச்சலில் படுத்திருந்ததால் கூடப் போகவில்லை. அதனால் அவர் என்ன பெயரைக் கொடுத்தார் என்பது எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

குத்தாலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். சின்ன தொடக்கப்பள்ளி. டீச்சர் அந்த வருஷம்தான் மாற்றலாகி வந்திருந்தார், தினமும் சீர்காழியிலிருந்து வருவார். முதல் நாளிலிருந்தே எனக்கு அங்கே எல்லாம் ஆச்சரியம். ஒன்றுக்கு வந்தால் வாயால் சொல்லாமல் ஒரு விரலைக் காட்ட வேண்டும். சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு ஒருவன் முதுகுக்குப் பின்னால் ஒருவன் நிற்க வேண்டும். மணலைப் பரப்பி விரலால் 'ட' போட வேண்டும், போட்டு முடித்ததும் டீச்சரே அதை அழித்துவிட்டு மறுபடி போடச் சொல்வார். எல்லாவற்றையும்விட எனக்குப் புரியாதது காலையில் பெயர் கூப்பிடுவதுதான். எதிரிலேயே உட்கார்ந்திருக்கிற பிள்ளையைப் பார்த்துக்கொண்டே டீச்சர் பெயரைச் சொல்வார். அந்தப் பிள்ளையும் எழுந்து, "உள்ளேன் டீச்சர்" என்று சொல்லும். கண்ணுக்கு முன்னால் இருப்பவன் இருக்கிறேன் என்று எதற்காகச் சொல்ல வேண்டும்?

நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே டீச்சர், "வைத்திலிங்கம்" என்றார். யாரும் எழுந்திருக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டார். தாத்தாவை டீச்சருக்கும் தெரியும் போலிருக்கிறது என்று நினைத்து நான் எழுந்தேன்.

"வயலுக்குப் போயிருக்காங்க டீச்சர்."

"உங்க தெருவா?"

"எங்க வீடுதான் டீச்சர்."

"உன் பேர் என்ன?"

"ஐயாக்கண்ணு."

டீச்சரின் பதிவேட்டில் அப்படி ஒரு பெயர் இல்லை. நான் வயசுக்குச் சின்னவனாக இருப்பேன். அண்ணன் பெயர் பள்ளிக்கூடத்தில் இருக்கிறது, அண்ணன் வயலுக்குப் போய்விட்டான், அங்கன்வாடிக்குப் போக வேண்டிய தம்பி இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறான் என்று டீச்சர் முடிவு செய்துகொண்டார். விரட்டாமல் "சரி, இரு" என்றார். அதோடு விடாமல் மற்ற பிள்ளைகளைப் பார்த்து, "தன்னைவிட மூத்தவங்களை எவ்வளவு மரியாதையாச் சொல்றான் பாருங்க. நீங்களும் அப்படித்தான் பேசணும்" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்த வாரமே பாடப்புத்தகம் கொடுத்தார்கள். பெயர் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த பெண் புத்தகத்தை விரித்து மூக்கிலே வைத்துப் புது வாசனை பிடித்தாள். உள்ளே யானை, முயல், ஏதோ ஓர் ஊருக்குப் போகிற ரயில் எல்லாம் இருந்தன. "நானும் பார்க்கிறேன்" என்றால், "கையைத் தொடைச்சுட்டு வா" என்றாள். துடைத்துவிட்டு வருவதற்குள் பைக்குள் வைத்துவிட்டாள். கடைசியில் ஒரே ஒரு புத்தகம் மிச்சம். "இது வைத்திலிங்கத்துக்கு" என்று சொல்லி டீச்சர் அதை அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

தாத்தாவுக்கு எதற்கு யானைப் படம்? எனக்கு அன்று முழுக்க அதே யோசனை. ஆனால் அந்தப் புத்தகம் வீட்டுக்கு வந்துவிட்டால் நானும் பார்க்கலாமே. சாயங்காலம் தாத்தாவிடம் போய், "நீங்க பள்ளிக்கூடம் வந்தா டீச்சர் புத்தகம் தருவாங்களாம். தினம் உங்களைத்தான் கூப்பிடுறாங்க" என்றேன்.

தாத்தா வாய்விட்டுச் சிரித்தார். "இனிமே நான் படிச்சு கலெக்டராகவா? ஏதாவது பெற்றோர் கூட்டமா இருக்கும். ஆத்துல இப்பத்தான் தண்ணி வந்திருக்கு, நாத்து விடணும். வேலை முடிஞ்சதும் வரேன்னு சொல்லு."

அதை அப்படியே மறுநாள் போய்ச் சொன்னேன். டீச்சரின் முகம் மாறிவிட்டது.

"நாத்து விடுறதா? அவங்க எதுக்கு? வீட்டுல வேற ஆள் இல்லையா?"

"அவங்கதான் எல்லாம் டீச்சர். நேத்து மடையிலயே படுத்துக்கிட்டாங்க. இல்லாட்டி தண்ணியைத் திருப்பிடுவாங்களாம்."

"மடையிலயா? பாம்பு பூச்சி இருக்குமேடா."

"கம்பு வச்சிருக்காங்க டீச்சர். பீடியும் இருக்கு."

"பீடியா?"

"ஒரு நாளைக்கு ரெண்டு கட்டு டீச்சர். டாக்டர் சொல்லியும் கேக்க மாட்டேங்குறாங்க."

டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டார். பிறகு, "இன்னைக்குச் சாயங்காலம் நான் உங்க வீட்டுக்கு வரேன்" என்றார். பள்ளிக்கூடம் விட்டதும் அலமாரியைத் திறந்து அந்தப் புத்தகத்தை எடுத்துத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். நான் அந்தப் பையைப் பார்த்துக்கொண்டே வழி காட்டி நடந்தேன்.

வீட்டு வாசல் குழாயடியில் அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். டீச்சர் வந்த வேகத்தில், "வைத்திலிங்கம் இருக்கானா?" என்று கேட்டார்.

அம்மாவின் கை அப்படியே நின்றது. அந்தப் பெயரோடு 'இருக்கானா' சேர்ந்து அந்த வாசலில் யாரும் கேட்டதே இல்லை.

"இருக்காங்க. கொல்லையில" என்றார் அம்மா மெதுவாக.

"கூப்பிடுங்க. சின்னப் பிள்ளையை இப்படி வேலை வாங்குறது தப்புன்னு உங்களுக்கே தெரிய வேண்டாமா?"

அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கொல்லைப் பக்கம் திரும்பி, "மாமா, உங்களைத் தேடித்தான் வந்திருக்காங்க" என்றார். முழங்கால் வரை சேற்றோடு தாத்தா வந்தார். டீச்சரைப் பார்த்ததும் பீடியை எறிந்துவிட்டுத் துண்டைத் தோளிலிருந்து எடுத்தார்.

"வாங்கம்மா. நான்தான் வைத்திலிங்கம். நானே வரணும்னு இருந்தேன்."

டீச்சர் தாத்தாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் தாத்தாவைப் பார்த்தார். "நான் ஒண்ணாம் வகுப்பு வைத்திலிங்கத்தைக் கேட்டேன்" என்றபோது குரல் பாதியாகிவிட்டது.

"அவன்தானே உங்களைக் கூட்டிக்கிட்டு வந்திருக்கான்" என்றார் தாத்தா.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று நானும் திரும்பிப் பார்த்தேன்.

டீச்சருக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன. கோபம் அம்மா மேல் போயிற்று. "பிள்ளைக்கு அவன் பேரைச் சொல்லித்தர வேண்டாமாம்மா? பள்ளிக்கூடம் திறந்ததிலேருந்து இவன் வரலைன்னே போட்டிருக்கேன். இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தா பேரையே நீக்கியிருப்பாங்க. எங்கே, இப்பவே சொல்லுங்க, உன் பேரு இதுன்னு."

அம்மா தாத்தாவின் காலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அது எப்படிம்மா சொல்லும்? மாமனார் பேராச்சே" என்றார் தாத்தா. பிறகு என்ன நினைத்தாரோ, "நான் கொல்லைக்குப் போறேன், நீ சொல்லும்மா, பரவாயில்லை" என்று உள்ளே போனார். போய்விட்டேன் என்று காட்டுவதற்குப் பலமாக ஒரு தடவை இருமினார்.

அம்மா அப்போதும் சொல்லவில்லை. டீச்சர் கொஞ்சம் காத்திருந்துவிட்டு, தானே குனிந்து என் பெயரை என்னிடம் சொன்னார். புத்தகத்தை என் கையில் வைத்தார். "தாத்தாவுக்கு வேண்டாமா டீச்சர்?" என்று கேட்டேன். "உனக்குத்தான்" என்றார். நானும் அதை விரித்து மூக்கில் வைத்து வாசனை பார்த்தேன்.

ஆனால் என் மனசு புத்தகத்தில் நிற்கவில்லை. வகுப்பில் டீச்சர் கேட்டால் சொல்ல வராமல் தலையைக் குனிந்துகொள்ளும் பிள்ளைகள் உண்டு. அம்மாவும் அதே மாதிரிதான் நின்றார். விளக்கு வைத்ததும் சிலேட்டை எடுத்துக்கொண்டு போய் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"என் பேரை எழுதத் தெரியுமாம்மா?"

அம்மா பலப்பத்தை வாங்கி, நிதானமாக ஒவ்வொரு எழுத்தாகப் போட்டார். புள்ளி வைக்க வேண்டிய இடத்தில் மறக்காமல் வைத்தார். டீச்சர் எழுத்தைவிட அழகாக இருந்தது.

"இப்ப வாசிங்க."

"நீதான் அது."

"அது சரி, வாசிங்கம்மா."

அம்மா என் விரலைப் பிடித்து ஒவ்வொரு எழுத்தின் மேலும் வைத்துக்கொண்டு போனார். உதடு திறக்கவே இல்லை. கடைசி எழுத்து வந்ததும் என் தலையைத் தடவிவிட்டு, "சோறு ஆறுது, வா" என்று எழுந்துவிட்டார்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மறுநாள் டீச்சர் என் பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து, அந்தக் கட்டடமே கேட்கும்படி, "உள்ளேன் டீச்சர்" என்றேன். உட்காரவில்லை.

"இன்னும் என்னடா?"

"எங்க அம்மாவையும் சேர்த்துக்கங்க டீச்சர். நல்லா எழுதுறாங்க. வாசிக்கத்தான் வரலை."

பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இடம் இல்லை என்று யோசிக்கிறாரோ என்று நினைத்து, நான் பாயில் ஓரமாக நகர்ந்து உட்கார்ந்து, அம்மாவுக்கு எவ்வளவு இடம் போதும் என்று கையால் தட்டிக் காட்டினேன்.