அப்பாவின் மௌன விரதம்

அப்பாவின் விசில் இன்னும் அம்மா வீட்டுச் சுவரில், அவர் படத்துக்குக் கீழே ஆணியில் தொங்குகிறது. அம்மா அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து வைத்து, ஊதுகிற துளையே அடைத்துப்போய்விட்டது. ஒன்றைச் சாமிப் பொருளாக்கிவிட்டால் அதைப் பற்றி எங்கள் ஊரில் யாரும் கேள்வி கேட்பதில்லை.

அப்பா திருவண்ணாமலையிலிருந்து கீழ்பென்னாத்தூர் போகும் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். அவர் குரல் கொடுத்தால் பஸ் ஸ்டாண்டின் அந்தக் கோடி வரை கேட்கும். கன்னத்தில் எந்நேரமும் பொட்டலப் பாக்கு அடங்கியிருக்கும். புகையிலை கலந்த, தடை செய்த சரக்குதான். பெட்டிக்கடையில் பிஸ்கட் பாட்டிலுக்குப் பின்னாலிருந்து வரும். முதலில் காரம் எரிகிறது என்றார். "ஒடம்புல சூடு ஜாஸ்தி" என்று அம்மா மோரைக் கரைத்து வைத்தாள். பிறகு விசிலை விட்டுவிட்டு, பஸ்ஸின் தகரத்தைத் தட்டி நிறுத்த ஆரம்பித்தார். வாய் அகலமாகத் திறக்கவில்லை என்று யாருக்கும் தோன்றவில்லை. அந்தக் கார்த்திகையில், தீபம் வரை மௌன விரதம் என்று எழுதி ஒரு அட்டையைச் சட்டையில் குத்திக்கொண்டார்.

வேறு ஊராக இருந்தால் பேச முடியாத மனுஷனை டாக்டரிடம் தள்ளிக்கொண்டு போயிருப்பார்கள். இங்கே கும்பிட்டார்கள். டிக்கெட் வாங்கிய பெண்கள் வாழைப்பழம் கொடுத்தார்கள். தயிர் சாதத்தைக் கரைத்துக் குடிப்பவரைப் பார்த்து, "என்னா வைராக்கியம்" என்று பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டார்கள். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. தீபம் முடிந்தும் அட்டை சட்டையில்தான் இருந்தது. எனக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. விரதம் இருக்கிற சம்பந்தி என்று மாப்பிள்ளை வீட்டாருக்கு அவர் மேல் தனி மரியாதை. என் கல்யாண ஆல்பத்தில் ஒரு படத்தில்கூட அப்பாவின் பல் தெரியாது.

கல்யாணம் முடிந்த மறுவாரம் அவரே பல் டாக்டரிடம் போகலாம் என்றார். நானும் கூடப் போனேன். சின்ன வயசு டாக்டரம்மா. "மூணு வெரலை ஒண்ணு மேல ஒண்ணா வாய்க்குள்ள வைங்க" என்றார். அப்பாவுக்கு ஒரு விரலே நுழையவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தவர் முகம் மாறிவிட்டது. கன்னத்தின் உட்புறம் வெளுத்து இறுகி, நடுவே புண். "ரெண்டு வாரத்துல ஆறாத புண்ணை யாருகிட்டயாவது காட்டியிருக்கணும்ங்க. எரியும்போதே வந்து, பாக்கையும் விட்டிருந்தா இவ்ளோ தூரம் வந்திருக்காது."

ஆபரேஷனுக்கு முதல் நாள் அப்பா திறக்காத பல்லிடுக்கு வழியாகவே சொன்னார்: "புத்துநோய்னு தெரிஞ்சா மாப்ள வூட்ல ஒத்துக்குவாங்களா? உன் கல்யாணம் முடியட்டும்னுதாம்மா இருந்தேன்." அன்பாகத்தான் சொன்னார். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. யார் கேட்டார்கள் இவரை? தாடையில் பாதியை எடுத்தார்கள். அடுத்த தீபத்தைப் பார்க்க அவர் இல்லை. துக்கத்துக்கு வந்தவர்கள், விரதம் இருந்த உடம்பு, நேராக அண்ணாமலையார் காலடிக்குத்தான் போயிருக்கும் என்றார்கள். நான் அழவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டேன்.

பெட்டிக்கடை அங்கேயே இருக்கிறது. பிஸ்கட் பாட்டிலும் இருக்கிறது. என் வீட்டுக்காரர் சட்டைப் பையிலும் அதே வாசனை. சண்டை போட்டு அலுத்துவிட்டது. போன ஞாயிறு அம்மா வீட்டில் சாப்பிட உட்கார்ந்தோம். அவர் இலையைத் தள்ளி வைத்து, "கொழம்புல காரம் கொஞ்சம் கம்மி பண்ணச் சொல்லு, வாய் எரியுது" என்றார்.

நான் எழுந்து போய் ஆணியிலிருந்து விசிலை எடுத்தேன். அம்மா பதறினாள். கொண்டை ஊசியால் சந்தனத்தைச் சுரண்டி, முந்தானையில் துடைத்து, அவர் இலைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"ஊதுங்க. அப்புறம் மூணு வெரலை வைச்சுக் காட்டுங்க."

"இன்னைக்கு எதுக்கு? அப்புறம் பாத்துக்கலாம்."

"நம்ம கல்யாணம்தான் முடிஞ்சிடுச்சே. வாயைத் தொறங்க."