கடைசி வயல்காரியின் குச்சி

துண்டில் சுற்றிய மூங்கில் குச்சி என் மடியில் இருந்தது. மூடிய கதவுக்குள்ளே பொருளாதாரப் பேராசிரியர்கள் என் மகளைக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்கள். போன தடவை, எங்கள் ஊர்த் தண்ணீர்ப் பங்கீடு பற்றிய அவளுடைய ஆய்வேட்டை, "இது ஆய்வு இல்லை, கிராமத்துக் கதை" என்று திருப்பி அனுப்பியவரும் உள்ளே இருந்தார். அன்று அவள் அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது.

குச்சி என் கணவரின் அக்காவுடையது; நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். பட்டுக்கோட்டைக்குக் கிழக்கே எங்கள் ஊர் வாய்க்காலில் தண்ணீர் பங்கிடுபவர் அவர். வயலில் எவ்வளவு உயரம் தண்ணீர் நிற்கலாம் என்பதற்குக் குச்சியில் கத்தியால் ஒரு வெட்டு உண்டு. நான் கல்யாணமாகி வந்த புதிதில் தண்ணீர் குறைந்து ஊரே அடித்துக்கொண்டபோது, வாய்க்காலின் கடைசியில், கடைமடையில் வயல் வைத்திருந்த அவரிடம்தான் எல்லோருமாகச் சேர்ந்து குச்சியைக் கொடுத்தார்கள். மற்றவர்களுக்குப் பாய்ந்த பிறகே அவருக்கு.

எங்கள் நடவு வெடித்த மண்ணில் மஞ்சளடிக்கத் தொடங்கியதும் என் கணவர் போய்க் கெஞ்சினார்.

"தம்பின்னு பாக்கக் கூடாதாக்கா?"

"பாத்துக்கிட்டுதானேடா இருக்கேன். உன் முறை வியாழக்கெழம. அதுக்கு முன்னாடி மடையில கை வச்சே, கையில குச்சி இருக்கு, பாத்துக்க."

நான் அண்ணியோடு பேசுவதையே நிறுத்திவிட்டேன். வியாழக்கிழமை தண்ணீர் வந்தது, வெட்டு வரைக்கும் சரியாக. கடைசியில் அவர் வயலுக்கும் போய்ச் சேர்ந்தது. அந்த வருடம் ஒரு வயலும் கருகவில்லை.

பொதுவில் இருப்பதை ஆளாளுக்கு அள்ளி அழித்துவிடுவார்கள் என்று ஓர் அறிஞர் எழுதினாராம். மகள் சொல்வாள். அதை மறுத்தவர் ஒரு பெண். கணக்குப் போதாது என்று பொருளாதாரப் படிப்பில் இடம் கொடுக்காமல் விரட்டப்பட்டவராம். மீன்பிடிப்பவர்களையும் பாசனக்காரர்களையும் தேடிப் போனார். விதியைத் தாங்களே வகுத்துத் தாங்களே காவல் காக்கிறவர்கள் பொதுவைக் காப்பாற்றிவிடுகிறார்கள் என்று காட்டினார். அவரைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அண்ணியின் முகம்தான் வரும்.

கதவு திறந்தது. "அம்மா, குச்சியக் குடு."

சிரிப்பார்களே என்று இருந்தது. கொடுத்தேன். கதவு முழுதாக மூடவில்லை.

"யாரும் திருட்டுத்தனமா மடையைத் திறக்க மாட்டாங்களா?" என்றார் ஏட்டைத் திருப்பி அனுப்பிய அந்தப் பேராசிரியர்.

"கடைசி வயல் எங்க அத்தையோடது சார். முன்னாடி யாரு திருடினாலும் காயறது அவங்க நடவுதான். விட்டுடுவாங்களா?"

கதவிடுக்கில் பார்த்தேன்: கேள்வி கேட்டவரே முதலில் கைதட்டினார்.

டாக்டராகி ஊர் திரும்பிய மகளை அண்ணி கட்டிக்கொண்டு முத்தமிட்டார். அடுத்த நொடி கையை நீட்டினார்.

"படிப்புதான் முடிஞ்சுதுல்ல, குச்சியக் குடுடி. நாளைக்கு வாய்க்கால்ல தண்ணி வருது."