டார்ச் சார் கொடுத்த பச்சை டோக்கன்

பிள்ளைகள் அவருக்கு டார்ச் சார் என்று பெயர் வைத்துப் பல வருடங்கள் ஆகிவிட்டன. மாடிப்படிக்கு அடியிலோ, சைக்கிள் நிறுத்தும் கொட்டகையின் கோடியிலோ இரண்டு பேர் ஒதுங்கினால் போதும், அவர் தலை அங்கே எட்டிப்பார்க்கும். கணக்கு வாத்தியாராகச் சேர்ந்து துணைத் தலைமையாசிரியர் ஆனவர். கெட்டவர் இல்லை. பிள்ளைகள் உருப்பட வேண்டுமே என்று நிஜமாகவே தவித்தவர். தவிப்பு அளவுக்கு மீறினால் புத்தி எங்கே வேலை செய்கிறது?

ஒரு வருடம் கழிப்பறைக் குழாய்கள் ஒன்று விடாமல் உடைந்தன. ஆய்வுக்கூடத்தில் லென்ஸ்கள் காணாமல் போயின. யார் என்று கேட்டால் வகுப்பே வாயைத் தைத்துக்கொண்டு நின்றது. அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை உதித்தது. தப்பு செய்தவன் யாரென்று ரகசியமாக வந்து சொன்னால் ஒரு பச்சை டோக்கன். கேண்டீனில் நீட்டினால் கேக் கிடைக்கும்.

அறிவியல் டீச்சர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "வேணாம் சார். கூலி குடுத்துக் கேக்க ஆரம்பிச்சா, அப்புறம் மனசாரச் சொல்ல வர்றவனும் வரமாட்டான்."

"கேக்குதானேம்மா! என்னமோ லஞ்சம் குடுக்கற மாதிரி பேசறீங்களே!" என்று சிரித்தார்.

முதலில் திட்டம் ஜோராகத்தான் ஓடியது. லென்ஸ்கள்கூடத் திரும்பி வந்தன. ஆனால் ரகசியம் என்று காதோடு காதாகச் சொல்லிவிட்டு, பள்ளிக்கூடமே வரிசையில் நிற்கும் இடத்தில் பச்சை டோக்கனை நீட்டச் சொன்னால் அது என்ன ரகசியம்? கணக்கு வாத்தியாருக்கு அந்தக் கணக்கு மட்டும் பிடிபடவில்லை. டோக்கன் நீட்டியவன் பக்கத்தில் மறுநாள் ஒருவரும் உட்காரவில்லை. வெட்கம் கெட்ட இரண்டு மூன்று பேர் மட்டும் இல்லாததையும் பொல்லாததையும் சொல்லிக் கேக் தின்றார்கள். அவர் அறைப் பக்கம் போவதே கேவலம் என்றாகிவிட்டது.

அவருடைய தங்கை மகனும் அங்கேதான் ஏழாம் வகுப்பு படித்தான். ஒல்லிப் பையன், கண்ணாடி போட்டவன். பெரிய வகுப்புப் பையன்கள் சிலர் மதியம்தோறும் அவன் கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு, தண்ணீர்த் தொட்டிச் சுவர் மேல் நடக்கச் சொல்வார்களாம். வகுப்பே பார்த்திருக்கிறது. ஒருநாள் பின்னாலிருந்து யாரோ தள்ள, பையன் விழுந்து முழங்கை நொறுங்கிப்போனது.

ஆஸ்பத்திரியில் தங்கை அவரை ஏறிட்டுப் பார்த்தாள். "உனக்குத் தெரியாம அங்க ஒண்ணும் நடக்காதுன்னுதானேண்ணா சேர்த்தேன்?"



மறுநாள் பையனின் ஒரே சிநேகிதனைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். தன்னைவிடப் பெரிய பையைச் சுமக்கும் பொடியன் அவன்.

"தினமும் பார்த்தேன் சார். சொல்லலாம்னு உங்க ரூம் வாசல் வரைக்கும் வந்தேன். யாராவது பார்த்தா கேக்குக்காக வந்தேன்னு சொல்வாங்க. திரும்பிட்டேன்."

"டோக்கன் வேணாம்னு சொல்லியிருக்கலாமேப்பா?"

"யாரு சார் நம்புவாங்க?"

தள்ளியது யார் என்று கேட்டார். பொடியன் அழுதானே தவிர வாயைத் திறக்கவில்லை. அன்றே டோக்கனை ஒழித்துவிட்டதாக மைக்கில் அறிவித்தார். ஒரு கைதட்டல் இல்லை, ஒரு முணுமுணுப்புகூட இல்லை. அத்தனை முகங்களும் அவரைத் தாண்டி எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தன. வாழ்க்கையில் அவர் அவ்வளவு கூனிக்குறுகி நின்றதில்லை.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பையனின் கட்டிலருகே உட்கார்ந்தார். "டோக்கனை நிறுத்திட்டேன்டா கண்ணா. இனிமே பயமில்ல. யாரு தள்ளினதுன்னு மாமாகிட்ட மட்டும் சொல்லு."

பையன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். "வேணாம் மாமா. நான் சொன்னாலும் என் ஃபிரெண்டுதான் போட்டுக்குடுத்தான்னு நெனப்பாங்க. அவன்கூட ஒருத்தரும் பேசமாட்டாங்க. எனக்கு இருக்கறது அவன் ஒருத்தன்தான்."

டார்ச் சார் அதற்கு மேல் கேட்கவில்லை. மாத்திரை கொடுக்க நர்ஸ் வந்ததும் எழுந்து அவளுக்கு வழிவிட்டார்.