நாலாள் ஆழத்தில் வந்த சுறா

எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. கொடைக்கானலில் மழை பிடித்துக்கொண்டால் மூன்று நாள் வீட்டுக்குள் அடைந்து கிடக்க வேண்டும். அந்த மூன்று நாளும் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டே இருப்பேன். "ஒரு எடத்துல உக்காருங்க, பாக்குற எனக்குத் தலை சுத்துது" என்பாள் என் மனைவி. உட்காருவேன். அப்புறம் கால் மட்டும் ஆடிக்கொண்டிருக்கும்.

அறுபதுகளின் நடுவில், நான் லேப் உதவியாளராக இருந்த பள்ளிக்கு ஒரு வெள்ளைக்கார அறிவியல் வாத்தியார் வந்து சேர்ந்தார். என்னைவிட இரண்டு வயது இளையவர். அவர் கப்பலில் கொண்டுவந்த பெட்டியில் இரண்டு காற்றுச் சிலிண்டர்கள், முகக் கண்ணாடி, வாத்துக்கால் மாதிரி ரப்பர் செருப்பு, சிலிண்டரில் காற்றடைக்க ஒரு சின்ன எஞ்சின் எல்லாம் இருந்தன. சிலிண்டரை முதுகில் கட்டிக் குழாயை வாயில் கடித்துக்கொண்டால் தண்ணீருக்கடியில் அரைமணி நேரம் மூச்சு விடலாம். ஆனால் தனியாக இறங்கக் கூடாதாம். துணைக்கு நீச்சல் தெரிந்த ஆள் வேண்டும் என்றார். நான் ஆயக்குடிக்காரன், கொய்யாத் தோப்புக் கிணறுகளில் குதித்து வளர்ந்தவன். அவர் கேட்டு முடிக்கும் முன்பே தலையை ஆட்டிவிட்டேன்.

ஏரியில் பழகினோம். பழைய கம்பளிச் சட்டையோடு இறங்குவேன். குளிர் எலும்புக்குள் போகும், பிறகு பழகிவிடும். அடியில் பாசியும் சேறும் ஒடிந்த துடுப்பும்தான். பஜாரில் மளிகையும் கருவாடும் விற்ற பாய், "ஏரிக்கு அடியில ஏலக்கா வெளையுதா, தெனமும் போயிப் பாத்துட்டு வாறீங்க?" என்று கிண்டல் செய்தார். விளையட்டும், விளையாமல் போகட்டும். அந்த அரைமணி நேரம் மட்டும் என் கால் அடங்கியிருந்தது. அதை யாரிடம் சொல்ல?

மனைவிக்கு இது பிடிக்கவில்லை. அவள் கன்னிவாடிப் பெண். அவளுடைய அண்ணன் திருச்செந்தூருக்குப் போனவன், கடலில் குளிக்க இறங்கித் திரும்பவில்லை. உடல்கூடக் கிடைக்கவில்லை. வாத்தியார் கடலுக்குப் போகப் போகிறார் என்ற பேச்சு பள்ளியில் அடிபட்டதும் அவள் என்னை மலை விளிம்பில் இருக்கும் முருகன் கோயிலுக்குக் கூட்டிப் போனாள். அப்போது அவள் ஏழு மாதம். அங்கே நின்று பார்த்தால் கீழே தூரத்தில் பழனி மலையும் கோயிலும் தெரியும். அந்த மலையைப் பார்த்துச் சொன்ன வார்த்தையை எங்கள் பக்கத்தில் யாரும் மீற மாட்டார்கள்.

"ஏரியோட நிறுத்திக்கிறேன், கடல்ல எறங்க மாட்டேன்னு சொல்லுங்க" என்றாள்.

நான் உடனே சொல்லவில்லை. செருப்பில் கல் ஏறியதாகக் குனிந்தேன், துண்டை உதறினேன். கீழேயிருந்து மேகம் ஏறி வந்துகொண்டிருந்தது. பழனி மலை முழுக்க மறைந்ததும் நிமிர்ந்து, கையைக் கூப்பி, "கடல்ல எறங்க மாட்டேன்" என்றேன். மலை மறைந்திருக்கும்போது சொன்னது செல்லாது என்பது ஆயக்குடியில் சின்ன வயதில் நாங்கள் விளையாட்டுக்கு வைத்திருந்த சட்டம். பிள்ளை பெறப் போகிறவளிடம் அந்தச் சட்டத்தைக் காட்டினேன். இன்று நினைத்தாலும் கூசுகிறது.

ஆவணி கடைசியில் பள்ளிக்கு ஒரு வாரம் விடுமுறை வந்தது. லேப் சாமான் எடுக்க மதுரை போவதாக வீட்டில் சொல்லிவிட்டு வாத்தியாரின் ஜீப்பில் ஏறினேன். கன்னியாகுமரிக்கு மேற்கே ஒரு மீனவர் ஊர். கட்டுமரத்தில் எங்களைக் கூட்டிப் போக ஒருவர் ஒப்புக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில் அவர் தண்ணீரில் கையை விட்டுப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டார்.

"வெள்ளம் குளுந்து கெடக்கு. அடிவெள்ளம் மேல ஏறி வந்திருக்கு. இன்னைக்கு எறங்க வேண்டாம்."

நானும் கையை விட்டுப் பார்த்தேன். ஏரித் தண்ணீர் மாதிரி இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. "இதெல்லாம் ஒரு குளிராண்ணே? எங்க ஊருக்கு வந்து பாருங்க" என்றேன். கம்பளிச் சட்டையைக்கூடக் கழற்றிப் போட்டேன். நான் அப்படிச் சொன்னதும் வாத்தியாருக்கும் தைரியம் வந்துவிட்டது. குளிர் என்றால் ஊர் ஞாபகம், வேறென்ன என்று நினைத்த மலைக்காரன் புத்தி அது. வருஷம் முழுக்க வெதுவெதுப்பாக இருக்கிற கடலில் குளிர்ந்த தண்ணீர் வந்தால், அது வெயில் எட்டாத ஆழத்திலிருந்து வருகிறது என்பது அந்தக் கட்டுமரக்காரருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. தண்ணீர் வந்தால் அதில் இருப்பதும் கூட வருமே.

நாலாள் ஆழம். கீழே மணல், அங்கங்கே பாறை. தண்ணீர் பச்சையாகக் கலங்கியிருந்தது. மீன் ஒன்றைக்கூடக் காணோம். அதுதான் முதலில் என்னவோ போல இருந்தது. பாறை ஒன்று நகர்ந்தது என்று நினைத்தேன். அது பாறை இல்லை. எங்கள் ஜீப்பைவிட நீளம், பழுப்புச் சாம்பல் நிறம், மழுங்கிய மூக்கு. கண் மட்டும் பச்சை, பெரிதாக, வெளிச்சம் கூசுகிற கண். அவசரமே இல்லாமல் வாலை அசைத்து வந்தது. அதன் பின்னால் இன்னொன்று.

வாத்தியார் மேலே கை காட்டிவிட்டு ஏறத் தொடங்கினார். என்னால் முடியவில்லை. காலை அசைக்க நினைத்தேன், அசையவில்லை. ஆடிக்கொண்டே இருந்த என் கால் வாழ்நாளில் முதல்முறையாக அசையவே மறுத்து நின்றது அங்கேதான். நினைப்பில் வந்தது மலையோ சாமியோ இல்லை, மேகம் ஏறுவதற்காக நான் செருப்பைத் தட்டிக்கொண்டு நின்ற அந்த நேரம்தான். முதல் சுறா என்னை ஒட்டிப் போனது. அதன் விலா என் வலது முழங்கையின் கீழ் உரசியது. கடிக்கவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டும் கலங்கலுக்குள் போய் மறைந்தன. மேலே வந்தபோது கையில் தோல் சீவினாற்போல் ரத்தம்.

வாத்தியார் கரையில் குதித்துக்கொண்டிருந்தார். சாதாரணச் சுறாவுக்குச் செவுளில் ஐந்து வெட்டு, இதற்கு ஆறு, இது ஆழ்கடலைவிட்டு வராத இனம், நம்மைப் போல யார் பார்த்திருப்பார்கள் என்று அடுக்கினார். அடுத்த விடுமுறைக்கும் வரலாம் என்றார். பயத்தில் எனக்குப் பல் அடித்துக்கொண்டிருந்தது. ஆனாலும் தலை தானாக ஆடியது.

வீட்டில், மலைப்பாதையில் ஜீப்பைத் தள்ளும்போது பாறையில் சிராய்த்துவிட்டது என்றேன். மஞ்சள் வைத்துக் கட்டினாள். அதன்பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சொல்லவும் முடியாது, சொல்லாமல் இருக்கவும் முடியாது. கார்த்திகையில் மகள் பிறந்தாள். பால் போதவில்லை. மாமியார் கன்னிவாடியிலிருந்து வந்து, பாய் கடையில் பால்சுறாக் கருவாடு வாங்கிவரச் சொல்லிப் புட்டு செய்து கொடுத்தார். பால் சுரந்தது. தை பிறந்ததும் மாமியார் ஊருக்குப் போனார், மிச்சக் கருவாட்டை என் மனைவியே எடுத்தாள். சுடுதண்ணீரில் போட்டு, தோலில் இருக்கும் மணல் போன்ற சொரசொரப்பைச் சுரண்டும்போது கை வழுக்கி அவள் மணிக்கட்டு உரசிவிட்டது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"கையக் காட்டுங்க."

காட்டினேன். என் தழும்பில் பொடிப் பொடியாக, ஒரே வாக்கில் ஓடும் கோடுகள். அவள் மணிக்கட்டிலும் அதே கோடுகள், சிவப்பாக. அவள் மிச்சத் தோலையும் சுரண்டி முடித்தாள். நாலு நாள் தேவைக்கு மேல் பேசவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஐந்தாம் நாள், "வெள்ளனே கோயிலுக்குப் போயிட்டு வருவம்" என்றாள். மகளைச் சால்வையில் சுற்றி எடுத்துக்கொண்டாள். தை மாதக் காலை, கீழே பழனி மலை கழுவி வைத்தது மாதிரி தெரிந்தது.

"அன்னைக்கு மலை மூடட்டும்னுதான நின்னீங்க. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றாள்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். குளிர்ந்த தண்ணீர், பச்சைக் கண், நின்றுபோன கால், அடுத்த விடுமுறை எல்லாம். கடைசியில், "அடியில இருட்டாக் கெடக்குமா?" என்றாள்.

கடலில் போன அண்ணனுக்காகக் கேட்கிறாள் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அந்தச் சுறாக்கள் வெயில் எட்டாத எந்த ஆழத்திலிருந்து வந்தன என்று வாத்தியார் சொன்னதை மட்டும் நான் அவளிடம் சொல்லவில்லை.

"இல்ல. வெளிச்சமாத்தான் இருக்கு. பச்சையா, நல்ல வெளிச்சம்."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மகளை என் கையில் கொடுத்து, என்னை மலைப் பக்கம் திருப்பி நிறுத்தினாள்.

"இப்பச் சொல்லுங்க."

நான் கீழே பார்த்தேன். வெகுநேரம் பார்த்தேன். அவளும் அவசரப்படுத்தவில்லை. அன்றைக்கு மேகம் வரவே இல்லை. சொன்னேன்.