கணவரும் கூட வர வேண்டும்

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் மலேசியாவில் உள்ள கிள்ளானுக்கு மருமகளாக வந்தேன். பிறந்தது பட்டுக்கோட்டைப் பக்கம். பத்தாவது வரை படிப்பு. என்னைப் பெண் பார்க்க மாப்பிள்ளை வரவில்லை. அவருடைய அக்காதான் கப்பலேறி வந்தார். தாய் தகப்பன் இல்லாத வீட்டில் தம்பியை ஆளாக்கியவர் அவர்தான். ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை. எங்கள் வீட்டுக் காப்பியைக் குடித்துக்கொண்டே, "எங்க ஊர்ல எந்நேரமும் மழை. துவைச்ச துணி காயாது. பரவாயில்லையா?" என்று என்னிடம் கேட்டார். பரவாயில்லை என்றேன். கல்யாணத்துக்கு என் சம்மதம் அவ்வளவுதான்.

என் கணவர் கிள்ளான் துறைமுகத்தில் குமாஸ்தா. சாது. வந்த சில வாரங்களில் என்னைக் கோலாலம்பூரில் இருந்த குடிநுழைவு அலுவலகத்துக்கு அழைத்துப் போனார். அவர் நகல் எடுக்கப் போன சமயம் பார்த்து முகப்பில் என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். அதிகாரி "சுவாமி மனா?" என்றார். சாமியைப் பற்றி ஏதோ விசாரிக்கிறார் என்று நினைத்து, கழுத்திலிருந்த முருகன் டாலரை எடுத்துக் காட்டினேன். மலாயில் சுவாமி என்றால் கணவன், மனா என்றால் எங்கே என்று கணவர் திரும்பி வந்துதான் சொன்னார். பஸ்ஸில் வீடு வரும்வரை சிரித்தோம். எங்கள் கல்யாணத்தில் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்த நாட்களை யோசித்தால் முதலில் வருவது அதுதான்.

அந்தக் கேள்விதான் பிறகு என் வாழ்க்கையின் கேள்வி ஆனது. நான் அந்த நாட்டில் இருந்தது ஒரு தற்காலிக பாஸில். ஆண்டுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கணவரும் கூட வர வேண்டும், அவர் கையெழுத்துப் போட வேண்டும். வேலை செய்யக் கூடாது என்று பாஸிலேயே முத்திரை குத்தியிருக்கும். இப்படிச் சில ஆண்டுகள் இருந்த பிறகு நிரந்தர வசிப்புக்கு விண்ணப்பிக்கலாம். கிடைத்தால் சிவப்பு ஐசி, அதாவது அடையாள அட்டை. குடிமக்களுக்கு நீலம், எங்களைப் போன்றவர்களுக்குச் சிவப்பு. கோயிலில் பார்க்கும் ஊர்ப் பெண்கள் நலம் விசாரிப்பதற்குப் பதிலாக, "சிவப்பு வந்துருச்சா?" என்றுதான் கேட்பார்கள்.

மகள் பிறந்தாள். விண்ணப்பமும் போட்டோம். அதற்குள் வீட்டில் பேச்சு நின்றுபோயிருந்தது. அவர் அடித்ததில்லை, குடித்ததில்லை. வேலை விட்டு வந்து சாப்பிடுவார், பேப்பர் படிப்பார், தூங்குவார். நானும் எதையாவது சொல்லலாம் என்று ஆரம்பித்து விட்டுவிடுவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தபோது, "நமக்கு ஒத்து வரல. உனக்கும் தெரியும்" என்றார். எனக்குத் தெரிந்துதான் இருந்தது. வேறு யாராவது இருக்கிறார்களா என்று கேட்டேன். இல்லை என்றார். நம்பினேன். பிற்பாடும் அது பொய்யாகவில்லை. அடுத்த மாதம் அவர் துறைமுகத்துக்குப் பக்கத்தில் நண்பர்கள் தங்கியிருந்த வீட்டுக்குப் போய்விட்டார். நான் குழந்தையோடு கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஓர் அறைக்கு மாறினேன்.

அங்கே ஒரு கடையின் மாடியில் தமிழ்ப் பெண் வழக்கறிஞர் ஒருவர் இருந்தார். இருவருக்கும் சம்மதம் என்றால் விவாகரத்து சுலபம் என்றார். பிறகு பேனாவை மூடிவைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அவரோட மனைவிங்கிற ஒரே காரணத்தாலதான் நீங்க இங்க இருக்கீங்க. தீர்ப்பு வந்தா அந்தக் காரணம் போயிடும். பிள்ளை இந்த நாட்டுக் குடிமகள், அவளை யாரும் அனுப்ப முடியாது. உங்களை அனுப்பலாம்."

அந்த மாடிப்படியில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கியது நன்றாக நினைவிருக்கிறது. அதுவரை எனக்குப் பிரிவதில் பயம் இருக்கவில்லை.

கணவரிடம் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. சிவப்பு ஐசி வரும்வரை பொறுத்திருப்போம், அதுவரை எப்போதும் போல ஜோடியாகப் போய் வருவோம் என்றார். அப்படியே செய்தோம். புதுப்பிக்கும் நாளில் அவர் கிள்ளானிலிருந்து வருவார். பஸ் நிலையத்தில் சந்திப்போம். எனக்கு டீ வாங்கித் தருவார். அலுவலகத்தில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்காருவோம். மகளுக்கு அந்த நாட்கள் பிடிக்கும். அப்பா மடியிலிருந்து என் மடிக்கும் என் மடியிலிருந்து அவர் மடிக்கும் தாவிக்கொண்டிருப்பாள்.

நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். அதிகாரி என் வயதுடைய மலாய்ப் பெண், நிறைமாத கர்ப்பிணி. கணவரிடம் முதலில் கேட்டார்: விலாசம், வேலை, குழந்தையின் பள்ளி. ஒரே வீட்டில்தானே இருக்கிறீர்கள் என்றதற்கு ஆமாம் என்றார். பிறகு அந்தப் பெண் என் பக்கம் திரும்பி, காலையில் கணவருக்கு என்ன சமைத்தீர்கள் என்று கேட்டார். என் மலாய்க்கு எட்டும்படி மெதுவாகவே கேட்டார்.

தோசை என்று சொல்லியிருக்கலாம். பொய்யே தெரியாதவள் அல்ல நான். பிரிந்ததை ஊருக்கு எழுதாமல் ஒரு வருஷம் ஓட்டியவள். ஆனால் அந்தக் கேள்விக்கு வாய் வரவில்லை. அன்று ஒன்றைச் சொல்லி வாங்கிவிட்டால், இனி யார் எதைக் கேட்டாலும் அதையே காப்பாற்றிக்கொண்டிருக்க வேண்டும் என்று பட்டது. "தெரியாது. அவர் வேறு வீட்டில் இருக்கிறார்" என்றேன்.

அந்தப் பெண் கோப்பை மூடினார். மனைவி என்ற முறையில் இந்த விண்ணப்பம் மேலே போகாது, உங்கள் விஷயத்தை நீதிமன்றத்தில் முடித்துக்கொண்டு குழந்தையின் பிறப்புப் பத்திரத்தோடு வாருங்கள் என்றார். கணவரைத் தனியாக எச்சரித்தார். கோபமாகப் பேசவில்லை. நாங்கள் எழுந்தபோது மகளின் கன்னத்தைத் தொட்டார்.

வெளியே வந்ததும் கணவர் வெயிலிலேயே நின்றுவிட்டார்.

"ஒரு வார்த்தை. தோசைன்னு சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும்."

"அடுத்த தடவை கேட்டா?"

"அடுத்த தடவை இட்லின்னு சொல்லு லா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. என்னைத் தனியே விட்டுவிட்டு மகளை மட்டும் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம்வரை முன்னால் நடந்தார்.

விவாகரத்து அதிகம் இழுக்கவில்லை. குழந்தை என்னிடம் என்று தீர்ப்பானது. அடுத்தது பாஸ். குழந்தைக்காக எனக்குப் பாஸ் தரலாம், ஆனால் இந்த நாட்டுக் குடிமகன் ஒருவர் ஜாமீன் நிற்க வேண்டும், யார் இருக்கிறார்கள் என்று வழக்கறிஞர் கேட்டார். யோசித்துப் பார்த்தேன். அந்த நாட்டில் எனக்குத் தெரிந்தவர்கள் எல்லோரும் அவருடைய மனிதர்கள்தான்.

ரவாங்குக்குப் பஸ் ஏறினேன். அவருடைய அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுபவர், என் மேலும் தம்பி மேலும் கோபமாக இருந்து, பல மாதங்களாகப் பேச்சில்லை. வேலை முடிந்து சீருடையோடு வந்தவர் வாசலில் என்னைப் பார்த்ததும் கதவைத் திறந்தார். சொல்ல வேண்டியதைச் சொன்னேன். நான் ஏதாவது செய்துவிட்டு ஓடிப்போனால் ஜாமீன் போட்டவர்தான் பதில் சொல்ல வேண்டும் என்பதையும் சொன்னேன். அவர் முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"என் தம்பிக்கு நீ இப்ப ஒண்ணுமில்ல. சரி. ஆனா அவனா உன்னக் கூட்டிட்டு வந்தான்? நான் வந்து பார்த்து, நான் கேட்டு, நான் கூட்டிட்டு வந்தேன். எந்த இடத்துல கையெழுத்துப் போடணும்?"

தம்பிக்கு இது பிடிக்கவில்லை. ஊர் என்ன சொல்லும் என்றாராம். ஊருக்கு ரவாங் விலாசத்தைக் கொடு, வந்து கேட்கட்டும் என்று அண்ணி சொன்னாராம்.

அதன் பிறகு ஒவ்வொரு முறையும் அண்ணிதான் லீவு போட்டுவிட்டு என்னோடு வந்தார். பாஸ் முன்னைவிடக் குறைந்த காலத்துக்கே கிடைத்ததால் அடிக்கடி வர வேண்டியிருந்தது. ஒருமுறை அதிகாரி, இவர் உங்களுக்கு என்ன உறவு என்று அண்ணியைக் கேட்டார். விவாகரத்தான தம்பி மனைவியை எப்படிச் சொல்வது என்று எங்கள் இருவருக்கும் மலாயிலும் தெரியவில்லை, தமிழிலும் தெரியவில்லை. அண்ணி "அடெக்" என்றார். தங்கை. அதிகாரி எழுதிக்கொண்டார்.

அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அக்கம்பக்கத்தாருக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்தேன். செய்யக் கூடாத வேலை. தையல் இயந்திரத்தின் சத்தம் வெளியே கேட்காமலிருக்க ரேடியோவைக் கூட்டி வைப்பேன். அந்தக் காலத்தில்தான் அப்பா இறந்தார். பாஸ் முடியும் தறுவாயில் இருந்தது. அப்போது வெளியேறினால் திரும்பி உள்ளே விடுவார்களா என்று யாராலும் உறுதி சொல்ல முடியவில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு போனால் அவள் படிப்பு கெடும், விட்டுவிட்டுப் போனால் நான் அவளிடம் திரும்பி வர முடியாமல் போகலாம். போகவில்லை. பிரிக்பீல்ட்ஸ் கோயிலில் ஒரு மோட்ச விளக்கு போட்டேன். அண்ணன் பல வருஷம் எனக்குக் கடிதம் போடவில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது. பாஸ் என்றால் என்ன என்று நான் அவருக்கு ஒழுங்காக விளக்கியதே இல்லை.

குழந்தையின் தாய் என்ற முறையில் புதிதாக விண்ணப்பித்தது பல ஆண்டுகள் கிடந்து, தொண்ணூறுகளில் கிடைத்தது. மகள் அப்போது இடைநிலைப் பள்ளி. என் மலாயைவிட அவள் மலாய் நன்றாக இருக்கும் என்பதால் அட்டை வாங்கும் அன்று அவளே முகப்பில் பேசினாள். வாங்கியதும் அண்ணிக்குப் பொதுத் தொலைபேசியிலிருந்து போன் செய்தேன். வேலையில் இருந்தார். "சரி, இனிமே என் லீவு எனக்கு மிச்சம்" என்று சொல்லி வைத்துவிட்டார். சாயங்காலம் ஒரு கிலோ ஆட்டிறைச்சியோடு பிரிக்பீல்ட்ஸுக்கு வந்து இறங்கினார்.

பூச்சோங்கில் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு தைக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். மகளின் அப்பா பிற்பாடு செலாயாங்கில் ஒருவரை மணந்தார். தீபாவளிக்கு மகளைப் பார்க்க வருவார். வந்தால் சாப்பிட்டுவிட்டுத்தான் போவார்.

சம்பள விடுப்பு சேர்ந்ததும் மகளோடு பட்டுக்கோட்டைக்குப் போனேன். அண்ணன் பஸ் நிலையத்துக்கே வந்திருந்தார். பெட்டியை வாங்கிக்கொண்டார். அம்மா சிறுத்துப்போயிருந்தாள். அப்பா கடைசியில் படுத்திருந்த அறையைக் காட்டினாள், என்ன சாப்பிட்டார், யார் யார் வந்தார்கள் என்று சொன்னாள். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். கிளம்பும் நாள் நெருங்கியபோது, "அங்க புருஷனும் இல்ல, அப்புறம் யாருக்காகடி திரும்பிப் போற?" என்று கேட்டாள்.

"வேலைக்குப் போகணும்மா. திங்கட்கிழமை ஷிப்ட்" என்றேன்.

அம்மா, பேத்திக்குப் பிடிக்கும் என்று வடகம் கட்டித் தரப் போனாள்.